எனக்கு அடுத்தது காத்தாயி

மூன்று மணிக்குள் முடித்துவிடுவேன் என்று அறுவடை மிஷின் ஓட்டுகிற மாதேசு சொன்னான், மூன்று ஆகிவிட்டது, மிஷின் இன்னும் போஸ்ட்மேன் உத்திராபதி வயலின் நடுவில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவருக்கு ஐந்து மா நிலம். அவருக்கு அடுத்தது நான், எனக்கு மூன்று மா. எனக்கு அடுத்தது காத்தாயி, என் ஓரகத்தி, அவளுக்கும் மூன்று மா. மிஷின் புரோக்கர் நேற்றே வரிசை சொல்லிவிட்டான், யாரும் மாற்றிப் பேசவில்லை. நான் காலையிலிருந்து இந்த மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறேன். பத்து மணிவரை பனி காயவில்லை என்றார்கள், பதினொன்றுக்கு டீசல் வந்தது, பன்னிரண்டுக்கு மிஷின் இறங்கியது. அப்போது வானத்தில் ஒன்றும் இல்லை. இப்போது கிழக்கே, கடல் பக்கம், அடுப்புக்கரியைத் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு கோடு. கோடுதான். அது கோடாகவே நின்றுவிடவும் கூடும். நேற்றும் இப்படித்தான் ஒன்று வந்தது, ஐந்து மணிக்குக் கலைந்து போனது. முந்தாநாளும். ஆனால் நேற்று காற்று மேற்கிலிருந்து அடித்தது, இன்றைக்குக் காற்றே இல்லை, நெல் அசையாமல் நிற்கிறது, அறுக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு நிற்கிற மாதிரி. இதையெல்லாம் நினைக்கக் கூடாது. தை இருபத்து மூன்று. தை இருபத்து மூன்றில் மழை பெய்வது என்ன வழக்கம். வழக்கம் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், போன வருஷமும் தையில்தான் பெய்தது, அதற்கு முந்தைய வருஷமும் தையில்தான், மூன்றாவது வருஷம் பெய்தால் அதுதானே வழக்கம்.

போன் அடிக்கிறது. திருப்பூரிலிருந்து அவர். பனியன் கம்பெனி வாசலில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டு பத்து நாளாக அங்கிருந்தே இந்த ஊர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “தையலு, மிஷின் எறங்கிட்டா?” “இன்னும் இல்ல. உத்திராபதியோடது ஓடுது.” “மேகம் எப்படி?” “கெழக்க கொஞ்சம் கருத்திருக்கு.” “கொஞ்சம் இல்ல. போன்ல மழைப் படத்தப் பாத்துட்டுத்தான் இருக்கேன். பச்சையா வருது, நடுவுல மஞ்சளா. நாலரைன்னு காட்டுது.” “அது சொல்றதெல்லாம் நடக்குதா.” “போன வருஷம் நடந்துச்சுல்ல.” அங்கே லாரி ஒன்று ஹாரன் அடித்தது. “கேட் தொறக்கணும், வச்சிடறேன்” என்றார். பச்சையாம், நடுவில் மஞ்சளாம். எனக்கு இங்கே கரியாகத்தான் தெரிகிறது. கோடு இப்போது கோடாக இல்லை, அடியில் பருத்திருக்கிறது.

போன வருஷம் மழை விட்டு நாலாம் நாள் வயலுக்குள் போனேன். தூரத்திலிருந்து பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை, சாய்ந்து கிடந்தது, சாய்ந்ததை நிமிர்த்தி அறுக்கலாம் என்றுதான் போனேன். கிட்டே போய்க் கதிரை எடுத்தால் கதிரிலேயே முளைத்திருக்கிறது. பொன் நிறக் கதிரில் பச்சை மயிர் மயிராக. தொட்டுப் பார்த்தேன், சின்னப் பிள்ளையின் தலைமுடி மாதிரி மெத்தென்று இருந்தது. ஒரு புளித்த வாடை, பழைய சோற்றை மறந்து வைத்த பானையைத் திறந்தால் வருமே அது, வயல் முழுக்க. வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அந்த மாசியில்தான் அவர் பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஒரு வருஷம் மட்டும் என்றார். ஒரு நல்ல அறுவடை வரட்டும், வந்துவிடுகிறேன் என்றார். அவர் தம்பி வைத்தி அதற்கு முன்னாலேயே கேரளாவுக்குப் போயாகிவிட்டது, கட்டட வேலைக்கு. காத்தாயி சிரித்துக்கொண்டே சொன்னாள், அக்கா, இனிமே இந்த ஆறு மாவுக்கும் நாம ரெண்டு பேருதான் அண்ணன் தம்பி. அவள் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைக்க வேண்டாம். மிஷினைப் பார்ப்போம். கொக்குகள் மிஷின் பின்னாலேயே போகின்றன, பூச்சி பொறுக்க. இன்னும் எத்தனை சுற்று இருக்கும். எட்டு. ஒன்பது.

இந்த வருஷம் எதுதான் அதனதன் காலத்தில் வந்தது. ஆடியில் ஆற்றில் தண்ணீர் வரும் என்றார்கள், வந்தது, பதினைந்து நாளில் நின்றது. ஆவணியில் நேரடியாக விதை தெளித்தோம், முளைத்து ஒரு விரல் உயரத்தில் காய்ந்து போனது, காலால் மிதித்தால் நொறுங்கியது. புரட்டாசியில் மறுபடி உழுது மறுபடி தெளித்தோம். ஐப்பசி முழுக்க வெயில், வாய்க்காலில் நாய் படுத்துக் கிடந்தது. பிறகு கார்த்திகையில் ஒரு மாதத்து மழை இரண்டு நாளில் கொட்டியது. மார்கழியில் புகையான் பூச்சி விழுந்து அங்கங்கே வட்டம் வட்டமாகத் தீய்த்தது. அவ்வளவையும் தாண்டி இது நிற்கிறது. என் நெல். கனத்துத் தலைகுனிந்து நிற்கிறது, நாலு வருஷத்தில் இப்படி விளையவில்லை, மாவுக்குப் பதிமூன்று மூட்டை நிச்சயம். அடியில் உளுந்து வேறு தெளித்திருக்கிறேன், நெல்லுக்குள்ளேயே இரண்டிலை விட்டிருக்கிறது. மழை வந்தால் மேலே நெல் போகும், கீழே உளுந்து அழுகும். இரண்டும் ஒரே நாளில். வராது. நாலு வருஷத்துக்கு ஒருமுறையாவது விட வேண்டாமா. எனக்குத்தான் முறை. மிஷின் ஏறி வந்தால் நேரே என் வயல்தான். எனக்குத்தான் முறை, அடுத்தது காத்தாயி, நாலரைக்குள் என்னுடையது முடிந்துவிட்டால்.

முடிந்துவிட்டால் அவளுடையது நிற்கும். அவளுடையது பள்ளம். பாகம் பிரித்தபோது சீட்டுப் போட்டார்கள், மேடு எங்களுக்கு வந்தது, பள்ளம் அவர்களுக்கு. அதில் யார் தப்பும் இல்லை. மழை பெய்தால் என் வயலில் மூன்றாம் நாள் கால் வைக்கலாம், அவள் வயலில் பதினைந்து நாளானாலும் முடியாது. அதிலும் யார் தப்பும் இல்லை. இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரு வரப்பு. காலையிலிருந்து நான் அந்த வரப்பைப் பார்க்கவில்லை. எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டேன், வானம், ரோடு, உத்திராபதி கொட்டி வைத்திருக்கிற நெல், அந்தப் பக்கம் மட்டும் கண் போகவில்லை. போனால் என்ன, வெறும் மண்தானே. கார்த்திகையில் அந்த இரண்டு நாள் மழை விட்ட பிறகும் என் வயலில் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு நகரவில்லை. மேடு என்கிறோம், மேட்டிலேயே முழங்கால். பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. இன்னும் ஒரு நாள் நின்றால் அழுகிவிடும். நான் மண்வெட்டியோடு அந்த வரப்பில் நின்றேன். சாயங்காலம் நாலு மணி, சுற்றுவட்டாரத்தில் யாரும் இல்லை, தூறிக்கொண்டிருந்தது. நினைத்து வெட்டவில்லை. இல்லை, நினைத்துத்தான் வெட்டினேன், வெட்டுகிற இடத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினேன், நண்டு வளை ஏற்கெனவே இருந்த இடமாக. ஒரு முழ அகலம். தண்ணீர் முதலில் மெதுவாகத்தான் போனது, பிறகு அதுவே மண்ணை அரித்துக்கொண்டு இரண்டு முழம் ஆக்கிக்கொண்டது. சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, குடத்தைக் கவிழ்த்த மாதிரி, நிற்காமல் கவிழ்த்துக்கொண்டே இருந்த மாதிரி.

மறுநாள் காலையில் காத்தாயி ஓடி வந்தாள். “அக்கா, வரப்பு ஒடைஞ்சிருச்சு, பாதிப் பயிரு முழுகிருச்சு.” நான் அவளோடு போய்ப் பார்த்தேன். அவள் உடைப்பில் கையை விட்டுத் துழாவினாள். நான் சொன்னேன், “நண்டு வளையா இருக்கும்.” அவள், “ஆமாங்க்கா, நண்டுதான்” என்றாள். இருவரும் சேர்ந்துதான் அடைத்தோம். அவள் பயிர் மேற்குப் பாதியில் அழுகிப் போனது. நான் என் வயலில் அடர்த்தியாக இருந்த இடமாகப் பார்த்துக் கலைத்துப் பிடுங்கி அவளுக்குக் கொடுத்தேன், இரண்டு நாள் கூட நின்று ஊன்றியும் கொடுத்தேன். அவள் தெருவெல்லாம் சொன்னாள், எங்க அக்கா இல்லன்னா இந்த வருஷம் நான் இல்ல. ரேஷன் கடை வரிசையில் சொன்னாள். கோயிலில் சொன்னாள். வைத்தியிடம் போனில் சொல்லிவிட்டு என்னிடம் போனைக் கொடுத்தாள், அவன் அங்கிருந்து, ரொம்ப நன்றிங்கண்ணி என்றான், நான் அதெல்லாம் எதற்கு என்றேன். தண்ணீர் எப்படியும் பள்ளத்துக்குத்தான் போயிருக்கும். நான் வெட்டாவிட்டாலும் வரப்பு உடைந்திருக்கும். உடைந்திருக்கும்தான். அன்றைக்கே உடைந்திருக்குமா என்று யாருக்குத் தெரியும். இரண்டு பேருடையதும் சேர்ந்து அழுகியிருந்தால் யாருக்கு என்ன லாபம். இதை நான் எத்தனையோ தடவை எனக்குச் சொல்லிவிட்டேன், ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருக்கிறது, சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

காற்று வந்துவிட்டது. கிழக்கிலிருந்து. முதலில் கழுத்தில் பட்டது, ஈரமாக, உப்பு வாடையோடு. நெல் ஒரே பக்கமாக ஒரு தடவை சாய்ந்து நிமிர்ந்தது. உத்திராபதி வயலில் கொக்குகள் ஒன்றாகக் கிளம்பி மேற்கே போகின்றன. மிஷின் கடைசிச் சுற்றில் இருக்கிறது. ரோட்டில் காத்தாயி வருகிறாள். வைத்தி அனுப்பிய நீலச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டிருக்கிறாள், முதுகில் மலையாளத்தில் கம்பெனி பேர் எழுதியிருக்கும். வேகமாக வருகிறாள், முட்டி வலிக்கிறதென்று காலைச் சாய்த்து வைப்பாளே, அதை மறந்துவிட்டு வருகிறாள். என்ன கேட்க வருகிறாள் என்று எனக்குத் தெரியும். வராமல் இருந்தால் நன்றாக இருக்கும். வந்துவிட்டாள். கட்டையில் உட்காரவில்லை.

“அக்கா. கேக்குறேனேன்னு நெனச்சுக்காதீங்க.”

“சொல்லு.”

“மாதேசு ஒரு வயலுதான் முடியும்ங்கிறான். உங்களோடது மேடு. மழை பேஞ்சாலும் மூணு நாள்ல எறங்கிரும். எனக்கு அப்படி இல்ல. போன வருஷம் ஒரு மணி நெல்லு கூட வீட்டுக்கு வரல. இதுவும் போச்சுன்னா அவரு என்னையும் அங்கயே வரச் சொல்லிட்டாரு. வீட்டப் பூட்டிட்டு.”

அவள் இப்போது சிரிக்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன், ஒன்று மாறிப் போட்டிருந்தது. மேட்டில் மூன்று நாளில் இறங்கலாம்தான், ஆனால் இந்தக் காற்றுக்கு நெல் நிற்குமா, சாய்ந்தால் மூன்று நாளில் முளைவிடும், போன வருஷம் இதே மேட்டில்தானே முளைத்தது. மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், முறை என்னுடையது. அவளும் குறை சொல்ல மாட்டாள், சரிங்க்கா என்று திரும்பிப் போவாள், அதுதான். அவள் என்னைத் திட்டியிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். மிஷின் ரோட்டில் ஏறிவிட்டது, சக்கரத்துக்குப் பதிலாகச் சுற்றுகிற பெல்ட்டில் ஒட்டிய சேறு தாரில் கட்டி கட்டியாக விழுகிறது. மாதேசு மேலேயிருந்தே கேட்டான், “யாரு வயலுக்கா? சீக்கிரம் சொல்லுங்க, நேரமில்ல.”

“அவளோடதுல எறக்கு” என்றேன். என் குரல்தான். வேறு யாரோ பின்னால் நின்று சொன்ன மாதிரி கேட்டது. காத்தாயி என் கையைப் பிடித்தாள், அவள் கை ஜில்லென்று இருந்தது.

மாதேசு எட்டிப் பார்த்தான். ஆத்தூர்ப் பக்கத்து ஆள், தை மாதம் முழுக்க இங்கே மிஷினுக்குள்ளேயே தூங்கி எழுகிறவன், மண்ணைப் பார்த்தால் தெரியும் அவனுக்கு. “பள்ளமாத் தெரியுது. காஞ்சிருக்குதா? அமுந்துச்சுன்னா இழுக்க வேற வண்டி இல்லீங்க.”

“காஞ்சிருக்கு” என்றாள் காத்தாயி. அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அவன் என்னிடம் கேட்டான், “நீங்க சொல்லுங்கக்கா. பக்கத்து வயலு, உங்களுக்குத் தெரியுமில்ல.” எனக்குத் தெரியும். நாலு நாளைக்கு முன்னால் அந்த வரப்போரம் நடந்தேன், மேற்குப் பக்கம், குதிகால் உள்ளே போனது, எடுத்தபோது அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நின்றது. அடைத்த வரப்பு சரியாக இறுகவே இல்லை, நான் தண்ணீர் வைத்தபோதெல்லாம் அவள் பக்கம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. அதை இவனிடம் சொன்னால் மிஷின் என் வயலுக்கு வரும். நியாயமாகவே வரும். சொல்லாவிட்டால் அவள் வயலுக்குப் போகும். இவ்வளவு சின்ன விஷயம், ஒரு சொல், அதற்குள் என்னென்னவோ போய்விட்டது எனக்குள், இன்றைக்கு இவள் நெல் வீட்டுக்குப் போய்விட்டால் எனக்கு இனி அந்தச் சத்தம் கேட்காது, குடம் கவிழ்வது, அவ்வளவுதான் நினைத்தேன், அமுங்காமலும் போகலாம், பெல்ட் வண்டிதானே. “காஞ்சிருக்கு” என்றேன். “எறக்கு.”

முதல் சுற்று நன்றாகப் போனது. கிழக்கு ஓரம், தெற்கு ஓரம். அவள் நெல் விழுந்து தொட்டியில் சேருகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. காத்தாயி மிஷினுக்குக் கூடவே வரப்பில் நடந்தாள், பிள்ளை நடை பழகும்போது பின்னாலேயே போகிறவள் மாதிரி கையைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு. இரண்டாம் சுற்று. எனக்கு மூச்சு கொஞ்சம் லேசானது, பார் ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் உன் பயம்தான் என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாம் சுற்றில் மேற்கு வரப்போரம் திரும்பியபோது இடது பக்கம் மெல்லச் சாய்ந்தது. மாதேசு பின்னுக்கு எடுத்தான். இன்னும் சாய்ந்தது. எஞ்சின் கத்தியது, கரும்புகை எழுந்து அந்தக் காற்றில் எங்கள் மேலேயே வந்தது, பெல்ட் இரண்டும் சேற்றை வாரி வாரிப் பின்னால் எறிந்தன, எறிய எறிய வண்டி இறங்கியது. பிறகு அவன் நிறுத்திவிட்டான். நிறுத்தியதும்தான் தெரிந்தது காற்று எவ்வளவு அடிக்கிறது என்று. என் நெல் முழுக்கச் சாய்ந்து சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது, வடக்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்குச் சாய்ந்தது எழவில்லை. மாதேசு இறங்கி வந்து சேற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். “சொல்லியிருக்கலாமில்லக்கா” என்று மட்டும் சொன்னான், போனை எடுத்துக்கொண்டு யாரையோ கூப்பிட ரோட்டுக்குப் போனான். முதல் சொட்டு என் உச்சியில் விழுந்தது, பெரிதாக, புளியங்கொட்டை விழுந்த மாதிரி.

காத்தாயி அழவில்லை. வீட்டுக்கு ஓடினாள், இரண்டு அரிவாளோடு வந்தாள். அதற்குள் மழை பிடித்துவிட்டது. கேட்டால் யார் வருவார்கள், கை அறுப்புக்கு இந்த ஊரில் ஆள் ஏது, எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள். நான் அவள் வயலுக்குத்தான் இறங்கப் போனேன். அவள் தடுத்தாள். “இங்க வேணாங்க்கா. உங்களோடதுல தொடங்குவோம்.”

“உன்னோடதுதான் மொதல்ல முழுகும்.”

“என்னுது முழுகத்தான் போவுது. இருக்கறது நாலு கை. சாப்பாட்டுக்காவது ஒண்ணக் காப்பாத்துவோம். முடிஞ்சதக் கட்டி ரோட்டுல ஏத்திட்டுப் படுதா போடலாம். உங்க முறைய எனக்குக் குடுத்தீங்கல்ல. குனிங்க.” சொல்லிவிட்டு அவளே முதலில் என் வயலில் இறங்கினாள். குனிந்து அறுத்தாள். நானும் அறுத்தேன். நனைந்த தாள் அரிவாளுக்கு வழுக்கியது. கால்விரலுக்கு அடியில் உளுந்துச் செடி மிதிபட்டது, மெத்து மெத்தென்று, ஒவ்வொரு அடிக்கும். அவள் எனக்கு இரண்டு முழம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், அந்த வலிக்கிற முட்டியோடு, என் நெல்லை அறுத்து அறுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதுகில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. வேறு எங்கே பார்ப்பது, எதிரில் அது ஒன்றுதான் இருந்தது. சொல்லக் கூடாது, இப்போது போய்ச் சொல்லுவார்களா, சொல்லி என்ன ஆகப் போகிறது, வண்டி எழுந்து வந்துவிடுமா. என் வாய் சொல்லிவிட்டது.

“காத்தாயி. கார்த்திகையில அந்த வரப்ப ஒடச்சது நண்டு இல்ல. நான்தான் வெட்டுனேன்.”

அவள் கையில் பிடித்திருந்த தாளை அறுத்து முடித்தாள். பக்கத்தில் வைத்தாள். நிமிர்ந்தாள், திரும்பவில்லை. மழை அவள் தலையில் விழுந்து காதோரமாக ஒழுகியது. “மண்வெட்டியாலயா?” என்று கேட்டாள். “ஆமா.” “நான் அந்த ஓட்டையில கைய விட்டு நண்டத் தேடுனேன்” என்றாள். பிறகு என் நெல்லைச் சுற்றிக்கொண்டு, மிதிக்காமல், வரப்பில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். அவள் வயலில் ஏற்கெனவே கணுக்கால் தண்ணீர். வண்டிக்குப் பக்கத்திலிருந்து அறுக்கத் தொடங்கினாள்.

நான் தனியாக நின்றேன். என்னுடையது என் முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது, வடக்கு மூலையிலிருந்து ஒவ்வொரு பாயாக. நின்றால் அதைப் பார்க்கலாம், குனிந்தால் ஒரு கட்டாவது மிஞ்சும். இருட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. போன் இடுப்பில் அடித்தது, அடித்து நின்றது, மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. வரப்பில் ஏறினேன். அவள் பார்த்தாள் என்று நினைக்கிறேன், அறுப்பதை நிறுத்தவில்லை. பள்ளத்தின் மறுமுனைக்குப் போய் இறங்கினேன். தண்ணீர் முட்டிக்குக் கீழே இருந்தது, அடியில் சேறு காலைப் பிடித்து இழுத்தது. தண்ணீருக்குள் கையை விட்டுத் தாளைத் துழாவி அறுத்து, தோளில் போட்டுக்கொண்டேன். அவள் அந்த முனையில் அறுத்துக்கொண்டிருந்தாள், நான் இந்த முனையில். நடுவில் இன்னும் நிறைய நெல் நின்றது.